கயிற்றை இழுத்தால் ஏன் என்று கேட்கக்கூடாது

மருத்துவமனைக் குடியிருப்பு
மார்ச் 3

மதிப்பிற்குரிய மாட்டுத் தீவன ஆலை முதலாளி அவர்களுக்கு,

தங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நான் நலம். அங்கே அனைவரும் நலமா என்று கேட்பதுதான் முறை. நான் அப்படிக் கேட்கப்போவதில்லை. பத்து விரலும் பத்திரமா? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்கிறீர்கள். கடைசியில் யார் முதலில் போனை வைத்தது என்பதுதான் சண்டையாகிறது. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

புருஷனோடு கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஊரில் பேசுகிறார்களாம். பேசட்டும், கோபம்தான். ஆனால் என்ன கோபம் என்று உங்களுக்கே இன்னும் விளங்கவில்லை போலிருக்கிறது. ஆற அமரச் சொல்கிறேன், கேளுங்கள்.

அன்றைக்கு மதியம், மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிறவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான்தான் டியூட்டி. கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தால் இரண்டு விரல் இல்லை. நம் கல்யாணத்துக்கு முன்னிருந்தே உங்கள் ஆலையில் மேஸ்திரியாக நிற்கிற மனுஷன், பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அம்மா, மொதலாளிகிட்ட சொல்லிடுங்க, மெஷினை நிறுத்தல. அரவை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு." அதைப் பெருமையாகச் சொன்னார். 

வீட்டுக்கு வந்தால் நீங்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பீர்கள், ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஆலை வாசலிலிருந்து பார்க்கிறேன், சோளம் கொட்டுகிற அதே புனலில் மறுபடி அடைப்பு. உள்ளே இரும்புத் திருகு சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கையை உள்ளே விட்டு, ஈரச் சோளத்தைப் பிடித்து வெளியே எறிகிறீர்கள். மெஷினை நிறுத்தாமல், திருகு ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கையை விட்டு எடுப்பதற்கு உங்கள் ஆட்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'கோழிக்கொத்து'. அதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கல்யாணமான புதிதில் என்னிடமே பீற்றிக்கொண்டீர்கள். அந்தப் புனலில் மீசையின் ரத்தம்கூடக் காயவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் வீட்டுக்குள் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பி வர எனக்கும் ஆசைதான். ஆனால் ஓடுகிற மெஷினுக்குள் ஒரு கையும் போகக்கூடாது. உங்கள் கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதுவரை இந்த ஒற்றை அறையே எனக்குப் போதும். கதவு சரியாகச் சாத்தாது, அண்டை வீட்டுப் பூனை வந்து படுத்துக்கொள்கிறது. உங்கள் அளவுக்கு அது குறட்டை விடுவதில்லை.

இப்படிக்கு,
கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டுக் கை ஓய்ந்த உங்கள் மனைவி

*

ஆலை
மார்ச் 9

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் கணவன் எழுதுவது. பத்து விரலும் பத்திரம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவையும் கோபம்தான் வந்தது. மெஷினை நிறுத்துவது என்ன மின்விசிறியை நிறுத்துவதா? பாதி அரைபட்டதோடு நின்றால், உள்ளே கிடப்பதை எல்லாம் அள்ளிக் கொட்டினால்தான் மோட்டார் திரும்ப எடுக்கும். ஆளுக்கு ஆள் முதுகு ஒடியும். லோடு தாமதமாகும். மாட்டுக்குத் தெரியுமா நம் கஷ்டம், அது நேரத்துக்குத் தின்னக் கேட்கும்.

ஆனாலும் நீ போன பிறகு வீடு வீடாக இல்லை. அதனால் இறங்கி வந்திருக்கிறேன். மீசைக்குக் கை ஆறும்வரை கூலி போகிறது. பெயின்டரைக் கூப்பிட்டு ஆலை முழுக்கப் போர்டு எழுதிவிட்டேன். "கையைக் காத்தால் காலமெல்லாம் சோறு" என்பது என் சொந்த வசனம். பெயின்டரே அசந்துபோய்விட்டான். தூசிக்கு எல்லாருக்கும் முகமூடி வாங்கினேன். பெல்ட்டுக்குக் கம்பி வலை அடித்தேன். எல்லாரையும் நிற்கவைத்து அரை மணி நேரம் பேசினேன். சாக்கு தைக்கிற மைக்செட் அக்கா மட்டும் கொட்டாவி விட்டாள். மற்றபடி நல்ல வரவேற்பு.

போதுமா? எப்போது வருகிறாய்? நான் வடிக்கிற சோறு தினமும் குழைந்துபோகிறது.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்

*

மருத்துவமனைக் குடியிருப்பு
மார்ச் 15

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வசனம் பிரமாதம். சோளம் புனலில் அடைக்கும்போது அந்தப் போர்டைப் படித்துவிட்டா அடைக்கும்?

மைக்செட் அக்கா இருமலுக்கு மருந்து வாங்க இங்கே வந்தாள். அவள் பேசினால் அடுத்த வார்டில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான், அதனால் ஒரு செய்தியும் ரகசியம் இல்லை. போர்டு அடித்த ஆணியில் ஆட்கள் சட்டையை மாட்டுகிறார்களாம். கம்பி வலையைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துவிட்டார்களாம். முகமூடியில் மீசை வெற்றிலை வாங்கி முடிந்து வைத்திருக்கிறாராம். கேட்டால், "மூஞ்சிய மூடிக்கிட்டு வேலை பார்க்க நான் என்ன திருடனா? அப்புறம் இந்த மீசைக்கு என்ன மரியாதை?" என்கிறாராம். கை ஆறுவதற்குள் அவர் ஏன் ஆலைக்கு வருகிறார்? வீட்டில் உட்காரச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். உங்கள் ஆலையில் யாருக்கு முதல் டீ? காலை டீ வந்ததும், அன்றைக்கு நன்றாகக் கொத்துப் போட்டவனுக்குத்தான் முதல் கிளாஸ். உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுப்பீர்கள். எல்லாரும் கைதட்டுவார்கள். போன மழைக்காலத்தில் மூட்டை தூக்குகிறவன், நீங்கள் 'சைக்கிள்' என்று கூப்பிடுகிற ஆள், பயந்துபோய் மெஷினை நிறுத்தினானே, அவனுக்கு என்ன கொடுத்தீர்கள்? "பயந்தாங்கொள்ளி" என்ற பட்டம். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். வீட்டில் வந்து என்னிடமும் சொல்லிச் சிரித்தீர்கள்.

கையை விட்டவனுக்கு டீ, கையைக் காப்பாற்றியவனுக்குக் கேலி. இதற்கு நடுவில் போர்டு என்ன செய்யும், பாவம்?

சோற்றுக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

ஆலை
மார்ச் 28

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

இந்தத் தடவை நான் ஜெயித்துவிட்டேன். உட்கார்ந்து படி.

அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஓடும் மெஷினில் கையை விட்டால் அன்றைய கூலி கிடையாது என்று அறிவித்துவிட்டேன். முகமூடி இல்லாவிட்டால் பாதிக் கூலி. முதல் டீ சமாச்சாரத்தையும் ஒழித்துவிட்டேன், இப்போது யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு. முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். அப்புறம் பார்க்கணுமே! ஒரு சிராய்ப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. நான் உள்ளே நுழைந்தால் எல்லா மூக்கும் மூடியிருக்கிறது.

பக்கத்து மரமில்காரர் கேட்டிலிருந்தே கத்தினார், "என்னப்பா, ஆலையை ஆஸ்பத்திரியா மாத்திட்டியா? வீட்டுக்காரம்மா உத்தரவா?" நான் விடவில்லை. "உங்க மில்லுல வாரத்துக்கு ஒருத்தன் கட்டோட போறான், என் ஆளைப் பாருங்க" என்றேன். மனுஷன் நடையைக் கட்டிவிட்டார்.

ஆக, நீ சொன்னது நடந்துவிட்டது. பெட்டியைக் கட்டு. பூனையை வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் கணவன்

*

மருத்துவமனைக் குடியிருப்பு
ஏப்ரல் 2

முதலாளி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

நேற்று சைக்கிள் வந்தான். இடது கை முழங்கைவரை வீங்கியிருந்தது. காயம் பட்டு நாலைந்து நாள் இருக்கும், சீழ் வைத்துவிட்டது. "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றான். என்னை அவன் எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். சிஸ்டர் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்தது. "ஏண்டா, சைக்கிள்ல இருந்து விழுந்தா விரல் இடுக்குல சோள மாவு எப்படி வரும்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அவ்வளவு பெரிய ஆள் பொலபொலவென்று அழுதுவிட்டான். "அக்கா, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, கூலியைப் பிடிச்சிடுவாரு. வீட்ல சின்னதுக்கு ஒடம்பு சரியில்ல."

டாக்டர் கீறிச் சுத்தம் செய்தார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் கட்டுப் போட்டேன். அவன் வேறு ஒருத்தர் பெயரும் சொன்னான். அந்த ஆள் வீட்டிலேயே மஞ்சளை அப்பிக்கொண்டு கையைப் பைக்குள் விட்டபடி வேலைக்கு வருகிறாராம்.

நீங்கள் விபத்தை நிறுத்தவில்லை. விபத்துச் செய்தியை நிறுத்திவிட்டீர்கள். முன்பாவது ஓடி வந்து என்னிடம் காட்டினார்கள். இப்போது என்னைக் கண்டே பயப்படுகிறார்கள். இதுதான் உங்கள் வெற்றியென்றால் எனக்கு வேண்டாம்.

சைக்கிளின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். அவன் கூலியில் ஒரு காசு குறைந்தாலும் நான் அந்த ஊர்ப் பக்கமே திரும்பமாட்டேன்.

மனைவி

*

ஆலை
ஏப்ரல் 16

அன்புள்ள உனக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத முகம் இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே சைக்கிள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் கையைப் போர்வைக்குள் மறைத்தான். அந்த ஒன்று போதும், வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவன் பெண்டாட்டி நாற்காலி எடுத்துப் போட்டாள், எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அபராதம் எல்லாம் ரத்து, கை ஆறும்வரை முழுக்கூலி என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் உன்னைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறினேன். உனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரி ஜன்னல்வரை வந்தேன். நீ ஒரு வயசானவருக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். என்னவோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாய். இப்போது உள்ளே போனால் திரும்பவும் ஏதாவது வாயடித்துக் கெடுத்துவிடுவேன் என்று தோன்றியது. அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அந்த பஸ்ஸில்தான் விஷயம் கிடைத்தது. கண்டக்டர் பின்னாலிருந்து கயிற்றை இழுத்து மணி அடிக்கிறார், டிரைவர் நிறுத்துகிறார். "எதுக்குய்யா அடிச்சே? யாரு எறங்கணும்? அவசியமா?" என்று டிரைவர் ஒரு தடவையாவது திரும்பிக் கேட்டாரா? கேட்கவே இல்லை. மணி அடித்தால் பிரேக். அப்புறம்தான் மற்றதெல்லாம். இறங்கும்வரை அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஆலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலைக்கு மேலே சிவப்புக் கயிறு. எங்கே நின்றாலும் கைக்கு எட்டும். இழுத்தால் மொத்த மெஷினும் நிற்கும். சட்டம் ஒன்றே ஒன்று: யாரும் எப்போதும் இழுக்கலாம், ஏன் என்று கேட்கக்கூடாது. திட்டக்கூடாது, கேலி கூடாது. நின்ற மெஷினை எல்லாரும் சேர்ந்து அள்ளி ஓட்டவேண்டும், நானும் சேர்ந்து அள்ளுவேன்.

நல்ல திட்டம்தானே? முதல் நாள் என்ன நடந்தது கேள். காலையில் மெஷின் நின்றது. எல்லாரும் புனலுக்கு ஓடினோம், ஒன்றும் இல்லை. அள்ளிக் கொட்டி ஓட்டினோம். திரும்ப நின்றது. எலக்ட்ரீஷியனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கடைசியில் பார்த்தால் ஒரு மகானுபாவன் துவைத்த துண்டை அந்தக் கயிற்றில் காயப் போட்டிருக்கிறான்! கொடி என்று நினைத்தானாம். மறுநாள் இரண்டு சட்டை. தூக்குவாளியைக்கூட ஒருவன் மாட்டினான். அப்புறம் டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தினமும் யாரோ இழுக்கிறார்கள். யார் என்று தெரியும். கேட்கக்கூடாதே! பல்லைக் கடித்துக் கடித்து என் தாடையே வலிக்கிறது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யோசித்தால் நான்தான்.

ஊரே சிரிக்கிறது. நீயும் சிரித்துக்கொள்.

இப்படிக்கு,
சோளம் அள்ளி முதுகு பிடித்துக்கொண்ட உன் கணவன்

*

மருத்துவமனைக் குடியிருப்பு
ஏப்ரல் 21

அன்புள்ள ஆலைக்காரருக்கு,

சிரித்தேன். தூக்குவாளி வரும் இடத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன், பூனை எழுந்து ஓடிவிட்டது. அந்தப் பகுதியை டாக்டரிடமும் படித்துக் காட்டினேன். அவர், "இந்த மனுஷன் சரியான வழிக்கு வந்துட்டாரும்மா" என்றார்.

துண்டு மாட்டத் தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். அவர்களுக்கும் துணி காயவேண்டாமா?

டீக்காக இழுப்பவனைக் கேட்காதீர்கள். தாடை வலித்தாலும் கேட்காதீர்கள். இன்றைக்கு அவனைக் கேட்டால், நாளைக்கு நிஜமாகவே இழுக்க வேண்டியவன் ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடியில் என்ன ஆகும் என்பதை நான் தினமும் இங்கே பார்க்கிறேன். டீயைக் கொஞ்சம் முன்னால் வரவழைத்துவிடுங்கள், அவனும் விட்டுவிடுவான்.

ஜன்னல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனீர்களே, அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஆசையாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்.

இத்தனை எழுதினீர்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்தக் கயிறு உங்கள் கைக்கும் சேர்த்துத்தானா? கொத்துப் போடுவதை நீங்கள் நிறுத்திவிட்டீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

*

ஆலை
மே 12

என் உயிரே,

இப்படி நான் கூப்பிட்டு வருஷக்கணக்காயிற்று. சிரிக்காதே. காரணம் இருக்கிறது.

நீ கேட்ட ஒரு வார்த்தைக்குப் பதில் எழுதாமல் மூன்று வாரம் ஓட்டினேன். ஏனென்றால் நீ கேட்டபோது பதில் 'இல்லை'. ஆட்கள் முன்னால் விட்டுவிட்டேன். யாரும் பார்க்காதபோது விடவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய மெஷின், என்னை அது என்ன செய்யும் என்ற திமிர்தான். அதில் எனக்கு இருந்த பெயரை விடவும் மனசு வரவில்லை.

இரண்டு வாரம் முன்னால் ஒரு புதன்கிழமை நல்ல மழை. சோளம் சதசதவென்று வந்தது. பால் சங்கத்து லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். மீசையும் மற்றவர்களும் லாரியில் மூட்டை ஏற்றப் போய்விட்டார்கள். புனல் அடைத்துக்கொண்டது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஒரே ஒரு கொத்து, அவ்வளவுதானே என்று கையை விட்டேன்.

மெஷின் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தால், சாக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து மைக்செட் அக்கா. கையில் சிவப்புக் கயிறு. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. லாரி நிற்கிறது, பாதி அரவை உள்ளே கிடக்கிறது. 'ஏன் இழுத்தே' என்று தொண்டைவரை வந்துவிட்டது. கேட்கக்கூடாது. நான் கேட்கவில்லை, ஆனால் அவள் சும்மா இருப்பாளா? ஆலை அதிரக் கத்தினாள். "முறைக்காதீங்க! மொதலாளின்னா உங்களுக்கு மட்டும் என்ன இரும்புக் கையா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தம்மா மூஞ்சியில யாரு முழிக்கிறது?"

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். சரி, கையை எடுத்துக்கொண்டு விறைப்பாக வெளியே நடந்துவிடலாம் என்று இழுத்தேன். கை வரவில்லை.

சட்டைக் கையின் முனை திருகில் மாட்டி ஒரு சுற்று சுற்றியிருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. அடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர சட்டையைப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் மணிக்கட்டு. இரண்டு சுற்று என்றால், வேண்டாம், உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

மீசை கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். மிச்சமிருக்கிற மூன்று விரலால் கத்தியைப் பிடித்து, என் சட்டைக் கையை அறுத்தார்.  அறுத்து முடித்ததும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதேன், அதனால் என்ன?

"அக்கா, நீ இழுத்தது சரி" என்றேன். "இனிமே இந்த ஆலையில கொத்து கிடையாது. எனக்கும் கிடையாது." சொல்லிவிட்டு டீக்கடைக்கு நானே ஓடினேன், ஒற்றைக் கை கிழிந்த சட்டையோடு. முதல் கிளாஸை அவள் கையில் கொடுத்தேன்.  அப்புறம் சைக்கிள்தான் முதலில் கைதட்டினான், கட்டுப் பிரித்த கையோடு. அதற்கப்புறம் பிடித்தது பார் ஒரு கைதட்டல், லாரி டிரைவர் ஹாரனை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். அக்காவின் குரல் வாழ்க்கையில் முதல் தடவையாக இறங்கியது. டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது பழைய வழக்கம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் தலைகீழாக. கயிற்றை இழுத்தவருக்குத்தான் முதல் டீ. புனலுக்கு மேலே இரும்புக் கம்பிச் சட்டம் போட்டுவிட்டேன், கை போகாது. அடைத்தால் நிறுத்திவிட்டு நீளக் கொக்கியால் இழுக்கிறோம். ஈரச் சோளத்தைக் காயவைக்கத் தனிக் கொட்டகையும் போட்டாயிற்று. அடைப்பதே குறைந்துவிட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று நீ சொல்வாய். சொல்லு. பெல்ட்டின் கம்பி வலையைப் பூட்டுப் போட்டுப் பூட்டியாகிவிட்டது. மீசைக்கு அக்கா சாக்குத் துணியில் இல்லை, நல்ல பருத்தித் துணியிலேயே ஒரு பெரிய முகமூடி தைத்துக் கொடுத்திருக்கிறாள், மீசை கசங்காமல் உள்ளே உட்காருகிற மாதிரி. அவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிற அழகை நீ பார்க்கவேண்டும்.

அரவை குறையும் என்று பயந்தேன். குறையவில்லை. காயம் பட்டு லீவில் உட்காருகிறவர்கள் இல்லையே, ஆள் முழுசாக இருக்கிறது.

நேற்று மரமில்காரர் வந்தார். கிண்டலுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மெல்லக் கேட்டார், "ஏம்ப்பா, அந்தக் கயிறு போட்ட எலக்ட்ரீஷியன் நம்பர் இருக்கா?" நான் நம்பரைக் கொடுத்தேன். கூடவே மைக்செட் அக்காவையும் அரை நாளுக்கு அனுப்பினேன், அவர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க. அங்கே அவள் பேசியது இங்கே கேட்டது.

இத்துடன் என் சட்டைக் கையின் முனையை வைத்திருக்கிறேன், பொத்தானோடு. அதற்குள் இருக்கவேண்டிய கை என்னிடம் இருக்கிறது. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது ஒரு வார்த்தையில் பதில்: ஆமாம்.

இப்படிக்கு,
பத்து விரலும் உள்ள உன் கணவன்

*

மருத்துவமனைக் குடியிருப்பு
மே 17

என்னங்க,

சட்டைத் துணியைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மீசையைப் பார்த்தபோதுகூட நான் உட்காரவில்லை. அந்தப் பொத்தான் போன வருஷம் நான் தைத்தது. நூல்கூட அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரம் உங்களைத் திட்டித் தீர்த்தேன், அப்புறம் அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இரண்டையும் பார்த்தது பூனை மட்டும்தான்.

மைக்செட் அக்காவுக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. வந்து கட்டிக்கொள்ளத்தான் போகிறேன். அவள் போடும் சத்தத்தில் காது போனாலும் பரவாயில்லை.

இந்த மாதம் இதுவரை உங்கள் ஆலையிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது இரண்டே பேர். ஒருவர் கண்ணில் தூசி விழுந்த அன்றைக்கே வந்தார், கழுவி அனுப்பினேன். இன்னொருவர் விரலில் சின்னச் சிராய்ப்போடு வந்து, "அக்கா, நானே கயிறை இழுத்து நிறுத்திட்டு வந்தேன்" என்று மார் தட்டிக்கொண்டார். அன்றைக்கு மெஷின் நிற்கவில்லை என்று பெருமைப்பட்ட ஆலை, இன்றைக்கு நிறுத்திவிட்டேன் என்று பெருமைப்படுகிறது. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டாக்டரிடம் சொன்னேன். "உங்க வீட்டுக்காரரால நமக்கு வேலை போயிடும் போலிருக்கே" என்கிறார்.

குடியிருப்பைக் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பழையபடி வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்து போகிறேன். சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். பூனையும் வருகிறது, கூடை தயார் செய்துவிட்டேன். ஸ்டாப்பிங்குக்கு நீங்கள் வந்து நிற்கவேண்டாம், வேலை நேரம். நானே நடந்து வந்துவிடுவேன். சோற்றை மட்டும் வடிக்காதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முனையைக் கொண்டுவருகிறேன், வைத்துத் தைத்துத் தருகிறேன். உங்கள் ஆலையிலிருந்து வந்ததில் இனி தையல் போடுவதென்றால் சட்டைக்கு மட்டும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்ததும் நான் முதலில் வீட்டுக்குப் போகமாட்டேன். பெட்டியோடு நேராக ஆலைக்குள் வருவேன். வந்து, அந்தச் சிவப்புக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பேன். மொத்த ஆலையும் நிற்கவேண்டும். லாரி நின்றாலும் சரி, சோளம் உள்ளே கிடந்தாலும் சரி, அப்புறம் நானும் சேர்ந்து அள்ளுகிறேன்.

ஏன் இழுத்தாய் என்று யாரும் கேட்கக்கூடாது. நீங்களும்தான். முதல் டீ எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி